வாளைக் கட்டிக்கொண்ட ராணி

எனக்கு நிக்காஹ் நடந்தபோது மாப்பிள்ளை வளைகுடாவில், புஜைராவில் இருந்தார். நான் ராமநாதபுரம் கடற்கரையில், எங்கள் வீட்டு உள்ளறையில், பெண்கள் கூட்டத்துக்கு நடுவே தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தேன். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. நாள் குறித்து ஊரை அழைத்த பிறகு, அவருக்கு விசா கொடுத்த அரபி, கஃபீல் என்பார்களே அவர்தான், பாஸ்போர்ட்டைத் தர முடியாது என்று சொல்லிவிட்டார். கப்பல்கள் வரிசையாக வந்து நிற்கின்றன, ஆள் பற்றாது, லீவு மாஃபி, கலாஸ்; லீவு கிடையாது, பேச்சு முடிந்தது. இங்கே பந்தல் போட்டாயிற்று, ஆடும் அறுத்தாயிற்று. ஆகவே அவருடைய அண்ணன் அவர் சார்பில் வக்கீலாக உட்கார்ந்து என்னை அவருக்காக ஒப்புக்கொண்டார். மாமியார் தாலியாகக் கருகமணியைக் கட்டினார். பிறகு யாரோ டெலிபோன் ரிசீவரை என் காதில் வைத்தார்கள். இரைச்சலுக்குள்ளிருந்து ஓர் ஆண்குரல், "ஹலோ, ஹலோ, கேக்குதா?" என்றது. நான் வாயைத் திறப்பதற்குள் லைன் போய்விட்டது.

ஐந்து மாதம் கழித்து எனக்கு விசா வந்தது. கையில் ஒரு போட்டோவுடன் துபாய் ஏர்போர்ட்டில் இறங்கினேன். போட்டோவில் இருந்தவருக்கு மீசை உண்டு. எதிரே வந்து நின்றவருக்கு மீசை இல்லை. இரண்டு தடவை தொண்டையைச் செருமிவிட்டு, "நான்தான்" என்றார். நான் அழுதுவிட்டேன். சந்தோஷத்தில் அழுகிறேன் என்று அவர் நினைத்திருப்பார். இவர்தானா வேறு யாராவதா என்று யாரிடம் கேட்பது எனத் தெரியாமல் அழுதேன் என்பதுதான் உண்மை. அன்று தொடங்கிய பயம், சொன்னால் நம்பமாட்டீர்கள், ஒரு வருஷத்துக்கு மேல் என் வயிற்றிலேயே குடியிருந்தது.

அவர் கெட்டவர் இல்லை. அதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பின்னால் மறந்துவிடுவேன். என்னைவிட ஒன்பது வயது மூத்தவர். குடி கிடையாது, புகை கிடையாது, கை நீட்டமாட்டார். பேசவும் மாட்டார். துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு நிற்கும் கப்பல்களுக்கு அரிசி, காய்கறி, கயிறு, பெயின்ட் என்று சாமான் கொடுக்கும் கடையில் அவருக்கு வேலை. சாமானை லாஞ்சில் ஏற்றிக்கொண்டு கடலுக்குள் போய் இறக்கிவிட்டு வருவார். சில நாள் காலையில் போனால் மாலையில் வருவார். போகும்போது என்னை உள்ளே வைத்து வெளியே பூட்டிவிட்டுப் போவார்.

"பில்டிங் பூரா பேச்சிலர் ரூமு. பூட்டிட்டுப் போனா உனக்கும் பயமில்ல, எனக்கும் பயமில்ல" என்றார் முதல் நாள். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்க்கும் சத்தம் கேட்கும். அதன் பிறகு படியில் செருப்புச் சத்தம். இருந்த ஒரே ஜன்னலுக்கும் இரும்புக் கம்பி. அதற்கு அப்பால் ஒரு சுவர், சுவருக்கு மேலே புல் கூட முளைக்காத மலை. அடுப்பு பற்றிக்கொண்டால் எந்தப் பக்கம் ஓடுவது என்று நான் யோசிக்காத நாள் இல்லை. அதனால் அவர் போனதும் அடுப்பே பற்றவைக்கமாட்டேன். பகலெல்லாம் பழைய சோறும் வாழைப்பழமும்தான்.

எழுத ஆரம்பித்தது அப்போதுதான். பன்னிரண்டாவது வரை படித்தவள் நான். சரித்திரக் கதை என்றால் சோறு தண்ணீர் வேண்டாம். வெள்ளைக்காரன் காலத்தில் சில ஜமீன்களில் ஒரு வழக்கம் இருந்ததாகப் பள்ளிக்கூடத்தில் கேட்டிருக்கிறேன். ராஜா வர முடியாவிட்டால் அவருடைய வாளை மணையில் வைத்து, பெண்ணுக்கு அதனோடு கல்யாணம் நடத்திவிடுவார்களாம். வகுப்பில் அதைக் கேட்டு நாங்கள் விழுந்து விழுந்து சிரித்தோம். புஜைராவில் அந்த அறைக்குள் உட்கார்ந்து நினைத்தபோது சிரிப்பு வரவில்லை. வாளாவது மேல். குறைந்தபட்சம் லைன் கட் ஆகாது.

கடையிலிருந்து அவர் கொண்டுவந்து போட்டிருந்த நீளமான ஸ்டாக் நோட்டு ஒன்று கிடந்தது. அதில் என் ராணியை உட்காரவைத்தேன். காலம், லண்டனிலிருந்த மகாராணியார் இந்த நாட்டுக்கும் சக்கரவர்த்தினி என்று தண்டோரா போட்ட காலம். தர்பார் மண்டபத்தில் கறுப்பு உடை உடுத்திய மகாராணியாரின் படம் மாட்டியிருக்கும். ஜமீன் வாரிசு வழக்குக்காக இளைய ராஜா சென்னைப் பட்டணத்துக்குப் போய் மாதக்கணக்காகத் திரும்பவில்லை. முகூர்த்தம் தவறக்கூடாது என்று பெரிய ராணி வாளை அனுப்பச் சொல்லி, பெண்ணை அதற்குக் கட்டிவைக்கிறாள். கட்டிக்கொண்டவள் அரண்மனை அந்தப்புரத்தில் உட்கார்ந்து, அந்த வாளுக்கு உரியவன் எப்படி இருப்பானோ என்று நடுங்குகிறாள். இதுதான் கதை.

ஒருநாள் கடல் மோசமாகிவிட்டது. காலையில் போனவர் வரவில்லை. மறுநாளும் வரவில்லை. குழாயில் தண்ணீர் நின்றுபோனது. கதவைத் தட்டினேன், கத்தினேன். வெளியே யாரோ இந்தியில் ஏதோ கேட்டார்கள். எனக்குத் தெரிந்த இந்தி 'அச்சா' ஒன்றுதான். அதைச் சொன்னேன். அவர்களும் நல்லது என்று போய்விட்டார்கள். சாவி அவரிடம் மட்டும்தான் இருந்தது. மூன்றாம் நாள் பிற்பகல் பூட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தார். உடம்பெல்லாம் உப்பு. "பயந்துட்டியா புள்ள?" என்றார். நான் பதில் சொல்வதற்குள், "சோறு இருக்கா?" என்றார். மறுநாளும் பூட்டிவிட்டுத்தான் போனார்.

அன்றுதான் ஏழாம் அத்தியாயம் எழுதினேன். ராஜா ஊர் திரும்பி நாளாகிவிட்டது. அந்தப்புரத்தைப் பூட்டிச் சாவியை மடியில் முடிந்துகொண்டிருக்கிறான். ராணி அரளி விதையை அரைத்துப் பாலில் கலக்கிறாள். அவன் வாங்கிக் குடிக்கிறான். எழுதி முடித்ததும் எனக்குக் காய்ச்சல் வந்ததுபோல இருந்தது. ஆனால், பொய் சொல்லக்கூடாது, நன்றாக எழுதியிருக்கிறோம் என்று ஒரு திமிரும் இருந்தது.

அந்தத் திமிருக்குப் பலன் உடனே கிடைத்தது. ஒரு வாரத்துக்குள், கப்பலே வரவில்லை என்று மத்தியானமே வீட்டுக்கு வந்துவிட்டார். நான் நோட்டை மடியில் வைத்து அடித்தல் திருத்தல் பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து மறைப்பதற்குள் வாங்கிவிட்டார். முதல் பக்கத்தை நின்றபடியே படித்தார்.

"நீயா எழுதுனே?"

தலையை ஆட்டினேன். அவர் அடுத்த பக்கத்தைப் புரட்டாமல் நோட்டை மூடினார். முகத்தில் நான் அதுவரை பார்க்காத ஒரு சிரிப்பு.

"உம்மாவுக்குக் கதைன்னா உசுரு. படிக்கத் தெரியாது, பாவம். நான் கேசட்ல படிச்சு அனுப்புறேன். வாரம் ஒரு அத்தியாயம். முன்கூட்டிப் பாத்தா ருசி போயிரும், நான் பாக்கமாட்டேன்."

கடிதம் எழுத வராதவர்கள் அந்த நாளில் கேசட்டில்தான் பேசி அனுப்புவார்கள். வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுகைக்குப் போய்வந்து, சாப்பிட்டுவிட்டு, டேப்ரிக்கார்டரின் சிவப்புப் பொத்தானை அழுத்தி, "அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா" என்று ஆரம்பிப்பார்கள். ஊருக்குப் போகிறவர் யாராவது இருந்தால் அவர் பெட்டியில் அது போய்விடும். எல்லா வீட்டிலிருந்தும் நலம் விசாரிப்பு போனது. எங்கள் வீட்டிலிருந்து மாமியாருக்கு நான் எழுதிய கதை போகப்போகிறது, அவர் மகன் வாயாலேயே. கடைசியில் மருமகள் விஷம் கலக்கிறாள்.

இதில் இன்னொரு கேடு இருந்தது. எனக்குத் தெரிந்த ராஜா வேறு யார்? வீட்டுக்குள் நுழையுமுன் இரண்டு தடவை செருமுவான். கைக்குட்டையை நாலாக மடித்துத் தலைமாட்டில் வைப்பான். சோற்றிலிருந்து கறிவேப்பிலையை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டின் விளிம்பில் வரிசையாக அடுக்குவான். பூட்டை மூன்று தடவை இழுத்துப் பார்ப்பான். பெரிய ராணி எந்தப் பேச்சையும், "எனக்கென்ன, நான் இன்னிக்கோ நாளைக்கோ" என்றுதான் முடிப்பாள். அது என் மாமியார் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை சொல்வது.

முதல் வெள்ளி, வாளுக்குக் கல்யாணம். அவர் எழுத்துக்கூட்டாமல், நிதானமாக, கொஞ்சம் ரேடியோக்காரர் மாதிரி படித்தார். நான் சமையலறை வாசலில் நின்றேன். "நல்லாருக்கு" என்றார் முடித்துவிட்டு. மூன்றாம் வெள்ளி பெரிய ராணி வந்தாள். "எனக்கென்ன, நான் இன்னிக்கோ நாளைக்கோ" என்ற இடத்தில் அவர் குரல் ஒரு கணம் நின்றது. பிறகு தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தார்.

அடுத்த வாரம் ஊருக்கு ஃபோன் போட்டபோது மாமியாரிடம் என்னைப் பேசச் சொன்னார்.

"கேசட்டு வந்துச்சு புள்ள. தெருப் பொம்பளைங்க எல்லாம் வந்து உக்காந்து கேட்டாஹ" என்றார் மாமியார். "அந்தப் பெரிய ராணி இருக்காளே, தங்கமான மனுஷி. அவ சொல்றதுதான் சரி. சின்னவளுக்குத்தான் வாய் ஜாஸ்தி. அடுத்து என்ன ஆவும்? ராஜா நல்லவன்தானே?"

"நல்லவருதான் மாமி" என்றேன். ரிசீவர் வியர்வையில் வழுக்கியது.

தெரு முழுக்க உட்கார்ந்து கேட்கிறது. ஏழாம் கேசட் போய்ச் சேரும் நாளில் என் உம்மாவும் அங்கே இருப்பார். கல்ஃபிலிருந்து புருஷன் திருப்பி அனுப்பிய பெண்கள் எங்கள் ஊரில் இரண்டு பேர் இருந்தார்கள். அவர்கள் கல்யாண வீடுகளில் பின்வரிசையில் உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்வதைப் பார்த்திருக்கிறேன். என் பாஸ்போர்ட் அவருடைய பெட்டியில், விசா அவர் பேரில். டிக்கெட் எடுத்து ஏற்றிவிட ஒருநாள் போதும். இந்தக் கதையால் என் வாழ்க்கை முடிந்தது என்றுதான் நம்பினேன்.

நாலாம் வெள்ளி முடிந்ததும் ஏழாம் அத்தியாயத்தைக் கிழித்துவிட முடிவு செய்தேன். நூல் தைத்த நோட்டு அது. பின்னால் ஒரு தாளை உருவினால் முன்னால் அதற்கு ஜோடியான தாள் கழன்றுவருகிறது. கையில் ஒரு பக்கம் அரளி விதை, ஒரு பக்கம் அவர் ஏற்கெனவே படித்துவிட்ட வாள் கல்யாணம். இரண்டையும் சோற்றுப் பசை வைத்து ஒட்டினேன். பிறகு வேறு முடிவு எழுதித் தாளில் செருகிவிடலாம் என்று உட்கார்ந்தேன். ராஜா நல்லவனாக ஏதாவது ஒன்று செய்யவேண்டும், அவ்வளவுதான். என்ன செய்வான்? என்னிடம் அப்படி ஒரு சம்பவமே இல்லை. ராஜாவைச் சிரிக்கவைத்தேன், பொம்மை போல இருந்தது. ராணிக்கு மல்லிகைப்பூ வாங்கிக்கொடுக்கவைத்தேன், எனக்கே வாந்தி வந்தது. கிழித்து, கழிவறையில் போட்டுத் தண்ணீர் ஊற்றினேன். அது அடைத்துக்கொண்டது வேறு கதை.

ஐந்தாம் வெள்ளி, ராஜா கறிவேப்பிலை அடுக்கினான். அன்று அவர் சாப்பிட்ட தட்டு இன்னும் மேசை மேல்தான் இருந்தது, விளிம்பில் ஏழெட்டு இலைகள் வரிசையாக. அவர் தட்டைப் பார்க்கவில்லை. குரல் மாறவில்லை. அதுதான் எனக்கு ஆகவில்லை. கோபப்பட்டால் காலில் விழலாம். இந்த மனிதர் என்னதான் நினைக்கிறார் என்று தெரியாமல் எத்தனை நாள் சாவது? ஆறாம் வெள்ளி அந்தப்புரம் பூட்டப்பட்டது. படித்து முடித்து, கேசட்டை வெளியே எடுத்து, "அடுத்த வாரம் முடிஞ்சிரும்ல?" என்றார். என்னைப் பார்த்துக் கேட்கவில்லை.

"மச்சான், போதும். முடிவு நல்லா வரல, அனுப்ப வேணாம்" என்றேன்.

"உம்மா காத்துக்கிட்டு இருக்காஹ."

ஏழாம் வெள்ளி நான் மீன் குழம்பில் உப்புப் போட மறந்தேன். அவர் அப்படியே சாப்பிட்டார். கை கழுவினார். கைக்குட்டையை மடித்தார். நான் டீ போட்டு அவர் பக்கத்தில் வைத்துவிட்டு, தரையில் சுவரோடு உட்கார்ந்தேன். சிவப்புப் பொத்தான் விழும் சத்தம் கேட்டது. நோட்டைத் திறந்தார். நான் ஒட்டிய தாளை விரலால் ஒருமுறை தடவினார்.

ஏழாம் அத்தியாயத்தின் முதல் வரி எனக்கு மனப்பாடம். 'அரளி விதை அம்மியில் அரைபடும்போது ஓசை எழுவதில்லை.' கண்ணை மூடிக்கொண்டு அதற்காகக் காத்திருந்தேன்.

"வழக்குக்காக மறுபடி போன ராஜா கப்பல்ல திரும்பி வர்றாரு" என்றார் அவர்.

கண்ணைத் திறந்தேன். அவர் நோட்டைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். ரேடியோக்காரர் குரல் போய்விட்டிருந்தது. திக்கித் திக்கி வந்தது.

"பட்டணத்துலேருந்து கப்பல்ல. கடல் மோசம். ரெண்டு நாளு கரைக்கு வர முடியல. கூட இருந்தவங்க எல்லாம் அல்லா... சாமிய வேண்டுறாங்க. ராஜாவுக்குத் தன் உசுரப் பத்தி இல்ல. அந்தப்புரத்துச் சாவி அவரு மடியில இருக்கு. ஒரே சாவி. முங்குனா சாவியும் சேந்து முங்கிரும். உள்ள ஒரு பொண்ணு இருக்குதுன்னு ஒருத்தனுக்கும் தெரியாது. நான் அந்தச் சாவியக் கையில பிடிச்சுக்கிட்டே ரெண்டு நாளு..."

நிறுத்தினார். 'நான்' என்று சொல்லிவிட்டதை அவர் கவனித்தாரோ என்னவோ தெரியாது. பக்கத்தைப் புரட்டினார், படிப்பவர் போல.

"வந்ததும் ராணிகிட்ட இதைச் சொல்லணும்னுதான் ராஜா வந்தாரு. சொல்ல வரல. சோறு இருக்கான்னு கேட்டுட்டாரு. மறுநாளும் பூட்டிட்டுத்தான் போனாரு. ஏன்னா, வாளக் காட்டிக் கட்டுன கல்யாணம். அவளுக்கு மனசு இருந்துச்சா இல்லையான்னு யாரும் கேக்கல. ராஜாவும் கேக்கல. திறந்து வச்சா, வந்து பாக்கும்போது அவ இல்லாமப் போயிட்டா? அந்தப் பயம். ராஜாவுக்கு இருக்குறதெல்லாம் பயந்தான் உம்மா. வேற ஒண்ணுமில்ல. கதை முடிஞ்சுது."

பொத்தானை அழுத்தினார். டேப் நின்றது.

"எப்பப் படிச்சீங்க?" என்றேன்.

"நீ ஒட்டி வச்ச அன்னிக்கு. பசை நாறுச்சு." நோட்டை மூடி என் பக்கம் நகர்த்தினார். "கிழிச்சிராத. நல்லா எழுதியிருக்க. உம்மாவுக்குப் படிக்கத்தான் என்னால முடியல."

பிறகு டீயைப் பார்த்தார். அப்போதுதான் எனக்கு உறைத்தது. மூன்று வாரமாக அவர் வீட்டில் டீ குடிக்கவில்லை. கடையிலேயே குடித்துவிட்டேன் என்பார். சோற்றைக்கூட நான் உட்கார்ந்து பாதி சாப்பிட்ட பிறகுதான் தொட்டார், அதே சட்டியிலிருந்து எடுத்து. நான் மரியாதை என்று நினைத்திருந்தேன். என் கையால் எதையும் வாங்கிக் குடிக்கப் பயந்துகொண்டு இந்த மனிதர் மூன்று வாரம் என்னோடு ஒரே அறையில் இருந்திருக்கிறார். யாரிடமும் சொல்லவில்லை. என்னை ஊருக்கும் அனுப்பவில்லை.

கிளாஸை எடுத்து என்னிடம் நீட்டினார்.

"நீ ஒரு வாய் குடிச்சிட்டுக் குடு."

எனக்குக் கோபம் வந்திருக்கவேண்டும். வரவில்லை. வாங்கி ஒரு வாய் குடித்தேன். ஆறிப்போயிருந்தது, சர்க்கரை அதிகம். அவர் என் தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் விழுங்கிய பிறகு வாங்கி, மீதியை ஒரே மடக்கில் குடித்தார். குடித்துவிட்டு முகத்தைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டார். தோள் குலுங்கியது. இவரைத் தொடலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்ட பிறகும் தெரியவில்லை. கடைசியில் அவர் முழங்கை மேல் கையை வைத்தேன்.

மறுநாள் காலை அவர் சாவியை வளையத்திலிருந்து கழற்றி ஃபிரிஜ் மேல் வைத்தார். "வர்றேன்" என்றார். கதவைச் சாத்தினார். பூட்டை இழுக்கும் சத்தத்துக்காகக் காத்திருந்தேன். செருப்புச் சத்தம் மட்டும் படியிறங்கிப் போனது. பூட்டாத கதவுக்குப் பின்னால் தனியாக நான் இருந்ததே இல்லை. ஓடிப்போய் உள்தாழ்ப்பாளைப் போட்டுவிட்டு, அதில் சாய்ந்துகொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பிறகு நானே தாழ்ப்பாளைத் திறந்து, ஒரு காலை வெளியே வைத்தேன்.